சவரிமுத்து சார் கொடுக்காத அறிக்கை

செய்தி வந்தபோது வத்தலக்குண்டில் ஒரு வீட்டின் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். கலவை எந்திரத்தின் இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை. மூன்றாவது முறைதான் எடுத்தேன். எங்கள் பொறியாளர் சங்கத்தின் செயலாளர் பேசினார்.

"மேடம், சவரிமுத்து சார் தவறிட்டாருங்க. இன்னிக்குக் காலைல வெள்ளனே. தூக்கத்துலயே போயிட்டாரு."

"சரிங்க" என்றேன். தளம் போட ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழைய கலவையும் புதிய கலவையும் ஒட்டாமல் அந்த இடம் காலத்துக்கும் பலவீனமாகவே இருக்கும். மாலைவரை அங்கேயே நின்றேன். அதில் எனக்கு வருத்தமில்லை. என் சாவுச் செய்தி அவருக்குப் போயிருந்தாலும் அவர் தளத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்.

மறுநாள் கொடைக்கானலில் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கும்போது செயலாளர் பக்கத்தில் வந்தார். சங்கம் ஒரு நினைவு மலர் கொண்டுவரப் போகிறது என்றார். "பதினாலு வருசம் அவருகூட ஒரே ஆபீஸ்ல இருந்தது நீங்கதான். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மேடம்."

இந்த மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். சிலர் அவர் வரைந்து கொடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள். நல்லதாக நாலு வார்த்தை என்னிடம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், ஏழு வருடங்களுக்கு முன் அவர் எனக்குச் செய்ததை இன்று நான் உங்களுக்குச் செய்வதாகிவிடும்.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டு அறைகள். புது வீடுகளுக்கு வரைபடம் போடுவோம் என்றாலும், எங்களைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் பழைய கட்டடக்காரர்கள். இன்னொரு மாடி எழுப்பலாமா, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கலாமா, விரிசல் விட்ட கூடத்தில் கல்யாணம் நடத்தலாமா என்று கேட்டு வருவார்கள். இது எவ்வளவு தாங்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி. சார் அதைத் திருப்பிப் போடுவார். "தாங்குறதப் பத்தி அப்புறம் பேசுவோம். எவ்வளவு வச்சா விழும், எப்பிடி விழும், அதத் தெரிஞ்சுக்கிருவோம் முதல்ல."

அந்த விழும் சுமையைக் கணக்கிடுவதுதான் எங்கள் தொழில். இரண்டு முனையும் இறுகப் பிடித்திருக்கும் பீம் சும்மா விழுந்துவிடாது. சுமை ஏற ஏற உள்ளே இருக்கும் கம்பி சில இடங்களில் இழுபட்டு விட்டுக்கொடுக்கும். அப்படி விட்டுக்கொடுத்த இடம் கதவுக் கீல்போலத் திரும்பத் தொடங்கும். இரண்டு முனையிலும் நடுவிலுமாக மூன்று கீல்கள் உண்டாகிவிட்டால், அப்புறம் அந்த பீமைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. முழுக் கட்டடம் என்றால் விழுவதற்குப் பல வழிகள் இருக்கும். ஒவ்வொரு வழியையும் மனதில் ஓட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டு, எது ஆகக் குறைந்த சுமையில் விழுகிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வழியை நினைக்காமல் விட்டுவிட்டால், கட்டடம் உண்மையில் இருப்பதைவிடப் பலமாகக் காகிதத்தில் தெரியும். "காகிதத்துல நிக்கிற கட்டடத்துல யாரும் குடியிருக்கிறது இல்லம்மா" என்பார் சார்.

நான் அவரிடம் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு மாணவர் விடுதிக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டோம். அதை நடத்திய பாதிரியார் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சார் கையெழுத்திட்டு வைத்திருந்த தாளைப் புரட்டும்போது, கட்டடம் பக்கவாட்டில் சாயும் ஒரு வழியை அவர் விட்டிருந்தது எனக்குத் தெரிந்தது. பாதிரியாரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று தயங்கி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் படித்தார். பிறகு சத்தமாகவே சொன்னார்.

"ஃபாதர், நான் போட்டது தப்பு. நேத்தே உங்ககிட்ட குடுத்திருந்தேன்னா பெரிய பாவமாப் போயிருக்கும். அமுதா போட்டதுதான் சரி. இனிமே இந்த பில்டிங் பத்தி எது கேக்கணும்னாலும் அவங்ககிட்டயே கேளுங்க."

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சித்தாள்கள் தவிரப் பெண்கள் யாரும் வேலை நடக்கும் இடத்துக்கு வராத காலம் அது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பத்து வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் அதுவும் நேர்மையாகாது.

அவருடைய ஞாபக சக்தியை உங்களில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. தாண்டிக்குடிக்கு ஜீப்பில் போகும்போது வழியில் தென்படும் வீடுகளைக் காட்டி, எந்த அறையின் தளத்தில் எத்தனை கம்பி, என்ன கனம், என்ன இடைவெளி என்று சொல்லிக்கொண்டே வருவார். எல்லாம் இருபது வருடத்துக்கு முன் கட்டியவை. ஒருமுறை மேஸ்திரி ஒருவர் சந்தேகப்பட்டு, பழுது பார்க்க உடைத்த இடத்தில் டேப்பை வைத்து அளந்து பார்த்தார். சார் சொன்னது அப்படியே இருந்தது. "லயத்துல பொறந்தவன் மேஸ்திரி நானு. மழ பேஞ்சா எந்த ஓட்டுல ஒழுகும்னு தெரிஞ்சு வச்சிருந்தாத்தான் தூங்க முடியும். அந்தப் பழக்கம் விடல" என்று சிரித்தார். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, திரும்பி வந்த குடும்பம். அவருக்கு அப்போது ஒன்பது வயது.

இனி சந்தைச் சாலைக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது சரிவில் நின்ற மூன்று மாடிக் கட்டடம். கீழே கடைகள், மேலே தங்கும் விடுதி. மொட்டைமாடியில் ஏற்கெனவே நான்கு தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. சீசனுக்குக் கூட்டம் வருகிறது, இன்னும் இரண்டு வைக்கலாமா என்று உரிமையாளர் ராஜமாணிக்கம் எங்களைக் கேட்டார். கீழே முன்பக்கக் கடைகளில் ஒன்று சாரின் தங்கை ரோஸ்லியுடையது; வீட்டில் செய்த சாக்லேட் விற்றார். பின்பக்கம், சரிவைப் பார்த்தபடி, பஞ்சவர்ணம் என்ற பெண்ணின் டீக்கடை இருந்தது.

மூன்று நாட்கள் அங்கே வேலை பார்த்தோம். மூன்று நாளும் பஞ்சவர்ணம்தான் எங்களுக்கு டீ கொடுத்தார். பின்பக்கத்து பீம் ஒன்றில் சார் பூச்சைத் தட்டி உதிர்த்தபோது உள்ளே கம்பி துருவேறிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. அந்த பீம் சரியாக அவர் அடுப்புக்கு மேலே இருந்தது. பஞ்சவர்ணம் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"என்னங்கய்யா, இது விழுந்துருமா? பயமா இருக்கே. வேற எடம் பாக்கட்டுமா?"

"நீங்க ஒங்க சோலியப் பாருங்கம்மா. நாங்க எதுக்கு இருக்கோம்? பாத்துக்கிறோம்" என்றார் சார்.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பதில் எனக்கும் ஆறுதலாக இருந்தது.

ஒரு வாரம் கணக்குப் போட்டோம். கட்டடத்தின்மேல் அப்போது இருந்த சுமையைப்போல ஒன்று புள்ளி இரண்டு மடங்கில் அது விழும் என்று வந்தது. ஐந்தில் ஒரு பங்கு சுமை கூடினால் போதும் என்று அர்த்தம். ஒன்றரைக்குக் கீழே வந்தால் ஆட்களை உள்ளே விடக்கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் சாரே வகுத்த கட்டுப்பாடு. மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதினோம். தொட்டிகளை உடனே காலி செய்ய வேண்டும், பின்பகுதியில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும், பீம்களுக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டோம். வழக்கமாக அறிக்கைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். அன்று சார் உறையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இத நானே குடுத்துர்றேன். முதலாளிக்கு ஒண்ணு, நகராட்சி ஆபீசுக்கு ஒண்ணு. நோட்டீஸ் வர்ற வரைக்கும் நாம யாருகிட்டயும் வாயத் தொறக்க வேணாம். சும்மா சனங்களப் பயமுறுத்துன மாதிரி ஆயிரும்."

அடுத்த வாரம் கேட்டேன். "குடுத்தாச்சும்மா" என்றார். சித்திரையில் கேட்டேன். "ப்ராசஸ்ல இருக்கு" என்றார். ஆனியில் ரோஸ்லியின் கடை ஏரிப் பக்கம் மாறியது. வியாபாரம் அங்கேதான் நன்றாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நேரில் போய் பஞ்சவர்ணத்திடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் கால் இருந்தது, வாய் இருந்தது. அது என் பங்கு. அதை நான் அவர்மேல் ஏற்ற மாட்டேன்.

ஐப்பசியில் நான்கு நாட்கள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு, லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டியதுபோல ஒரு சத்தம் கேட்டது. அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். எங்கிருந்து வந்தது, என்ன விழுந்தது என்று அவர் கேட்கவில்லை. "ஐயோ, பின்பக்கம்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மொட்டைமாடியின் பின்பாதி, தொட்டிகளோடு இறங்கி, ஒவ்வொரு தளமாக அழுத்திக்கொண்டு கீழே வந்திருந்தது. சீசன் இல்லாததால் விடுதியில் அந்தப் பக்கம் யாரும் இல்லை. முன்பக்கக் கடைக்காரர்கள் ஓடி வெளியே வந்துவிட்டார்கள். பஞ்சவர்ணத்தை மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் கோயில் வாசலில் ரோஸ்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மாதாதான் என்னயக் காப்பாத்துனா அமுதா. இல்லன்னா நானும் அதுக்குள்ளதான் கெடந்திருப்பேன்."

"முன்பக்கம் விழலையேக்கா" என்றேன்.

"அது யாருக்குத் தெரியும்? அண்ணன் அப்பவே சொல்லிருச்சுல்ல, வெரசாக் காலி பண்ணு, காரணம் கேக்காதன்னு. நான்தான் மூணு மாசம் இழுத்தடிச்சேன். ஒங்கிட்ட சொல்லிருக்குமே அண்ணன்?"

ரோஸ்லி கள்ளம் இல்லாதவர். தன் அண்ணனின் பாசத்தைத்தான் எனக்குச் சொன்னார். நான் அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போய் இரும்பு அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில், முகவரி தட்டச்சு செய்யப்பட்ட உறைக்குள், அறிக்கையின் எல்லாப் பிரதிகளும் அப்படியே இருந்தன. ஒட்டக்கூட இல்லை.

அவற்றை விசாரணை அதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்மை தானாக வெளிவரும் என்று நம்பினேன். விசாரணை அன்று எங்கள் இருவரையும் ஒரே மேசைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

"அறிக்கையை எடுத்துட்டுப் போனது யாரு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"சார் எடுத்துட்டுப் போனாருங்க. குடுத்துட்டேன்னும் சொன்னாரு."

அவர் சாரின் பக்கம் திரும்பினார். சார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லைங்க சார்."

"வழக்கமா உங்க ஆபீஸ்ல இதையெல்லாம் கொண்டுபோய்க் குடுக்கிறது யாரு?"

மேசையில் கிடந்த உறையை விரலால் நேராக்கி வைத்தார். அந்த நேரத்தில் அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"வழக்கமா, அமுதாதாங்க."

அது உண்மை. வழக்கமாக நான்தான். அந்த உண்மையை வைத்தே அவர் என்னை அந்த அறையில் பொய்யாக்கினார். இருபது வருடத்துக்கு முந்தைய கம்பியின் கனத்தைச் சொல்லக்கூடியவர், எட்டு மாதத்துக்கு முன் தன் கையில் எடுத்த உறை ஞாபகமில்லை என்றபோது, அங்கிருந்த யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அவர்களுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கினார்கள். சார் வயதைக் காரணம் காட்டித் தாமே விலகிக்கொண்டார். அவருக்கு நம் சங்கம் விடையளிப்பு விழா நடத்தியது, பொன்னாடை போர்த்தினீர்கள். நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய தாளை அந்தப் பெண் மறந்து வைத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. அப்படிப் பேசிக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

பஞ்சவர்ணத்தின் கணவர் கருப்பையா ஒருநாள் காய்கறி மார்க்கெட்டில் என்னை மறித்துக்கொண்டு நின்றார். கேரட் மூட்டை சுமப்பவர் அவர். அன்று தோளில் மூட்டை இல்லை. "ஒங்களுக்குத் தெரியுமாமேம்மா? ஏழு மாசமாத் தெரியுமாமே? அவ கையில டீ வாங்கிக் குடிச்சீங்களேம்மா" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் கொடுக்க வேண்டிய அறிக்கை இல்லை அது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? தெரியுமா என்றுதான் அவர் கேட்டார். தெரியும்.

அலுவலகத்தைக் காலி செய்த அன்றுதான் சாரிடம் நேராகக் கேட்டேன். மேசை இழுப்பறையில் இருந்த என் பொருட்களை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் நின்றார்.

"ஏன் சார்?"

"ராஜமாணிக்கத்தோட அப்பா, நாங்க கப்பல்லேர்ந்து எறங்கி வந்தப்ப அந்த பில்டிங் பின்னாடி ரெண்டு ரூம் குடுத்தாரும்மா. ஆறு வருசம் இருந்தோம். வாடகைன்னு ஒரு வார்த்த கேக்கல. என் தங்கச்சி பொறந்ததே அங்கதான். அந்த பில்டிங்க மூடச் சொல்லி நான் எப்பிடிக் கையால எழுதிக் குடுப்பேன்? ராஜமாணிக்கத்துக்கிட்ட வாயால சொன்னேன். சீசன் முடியட்டும் மாமா, தொட்டிய எறக்கிர்றேன்னு சத்தியம் பண்ணுனான். சீசன் முடிஞ்சது. ஆடி முடியட்டும்னான்."

"ரோஸ்லியக்காவை மட்டும் காலி பண்ணச் சொன்னீங்களே சார்."

அவர் திரும்பவில்லை.

"பஞ்சவர்ணம் உங்ககிட்ட கேட்டுச்சே சார். வேற எடம் பாக்கட்டுமான்னு வாய்விட்டுக் கேட்டுச்சே."

"அது கேட்டது இன்னும் காதுல கேட்டுக்கிட்டேதாம்மா இருக்கு" என்றார்.

"அப்ப அது மட்டும் ஞாபகம் இருக்கா சார்?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். பேக்கரிக்காரர் பெட்டியை வாங்கி ஆட்டோவில் வைத்தார். வத்தலக்குண்டுக்குக் குடிபெயர்ந்து, சின்னச் சின்ன வீட்டு வேலைகளை எடுத்துச் செய்து, மறுபடியும் பட்டியலில் பெயர் வர எனக்கு நான்கு வருடம் ஆனது.

அவரை ஒருமுறைதான் மறுபடியும் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன், வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில். மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு மலைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் துணிப்பைக்குள் கையை விட்டு மடித்த தாள் ஒன்றை எடுத்தார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒன்னு புள்ளி ரெண்டு இல்லம்மா. ஒன்னு புள்ளி பூஜ்யம் அஞ்சு. பதினோரு தடவ போட்டுப் பாத்துட்டேன். பின்பக்கத் தூணும் அந்த பீமும் சேந்து சரிவுப் பக்கமாச் சாயுற வழி ஒண்ணு இருக்கு. நாம ரெண்டு பேரும் அத நெனைக்கவே இல்ல. மழத்தண்ணி மாடியில தேங்குனதே போதும்மா அதுக்கு."

தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் கையெழுத்து நடுங்கியிருந்தது. எண்கள் மட்டும் நேராக நின்றன.

"ஒன்னு புள்ளி ரெண்டே போதும் சார். அதுக்கே அவங்களை வெளிய கூட்டிட்டு வந்திருக்கணும்."

"தெரியும்மா."

நான் காத்திருந்தேன். விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று, ஐந்து வருடம் கழித்தும், அந்தச் சிமெண்டுப் பெஞ்சின் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். கொடைக்கானல் பஸ் வந்தது. கூட்டம் ஏறத் தொடங்கியது. நடத்துநர் அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். படியில் நின்று திரும்பினார்.

"அந்தக் கணக்கச் சரியான்னு பாத்துச் சொல்லும்மா. எனக்கு வேற யாரும் இல்ல கேக்க."

அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்த் தாளை விரித்துவைத்து இரண்டு நாள் சரிபார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. "சரிதான் சார்" என்று போனில் ஒரு செய்தி அனுப்பினேன். நான் அவருக்கு எழுதிய கடைசி வார்த்தை அதுதான். பதில் வரவில்லை.

தான் செய்ததன் அளவைத் தெரிந்துகொள்ள அவர் பதினோரு தடவை கணக்குப் போட்டார். என்னிடம் வந்து சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று. அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் துன்பப்பட்டார் என்பதை நம்புகிறேன். அந்தத் துன்பத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, என் பெயர்மேல் இருந்த அழுக்கை அப்படியே விட்டுவிட்டுப் போனார் என்பதும் உண்மை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன் என்று சொன்னேன். அவர் மனைவி பிலோமினாக்கா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். "கடசி வரைக்கும் ஒன் பேச்சுத்தான்டி" என்று அழுதார். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு கருப்பையா வந்தார். தோளில் ஒரு சாமந்தி மாலை. அதைச் சவப்பெட்டியின்மேல் வைத்துக் கும்பிட்டார். "தங்கமான மனுசன். என் பொஞ்சாதி செத்தன்னிக்கு என்கூடவே நின்னாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். திரும்பும்போது என்னைக் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து போனார்.

அவர் சொன்னதும் பொய் இல்லை. இடிபாடுகளை அகற்றிய அன்று சார் மழையில் மாலைவரை கருப்பையாவின் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் அந்த மாலை கண்ணில் நின்றதால்தான், செயலாளர் வந்து கேட்டபோது எழுதுவது என்று முடிவு செய்தேன். அந்த உறையை அலமாரியில் வைத்தது யார் என்று சாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். கருப்பையாவுக்கும் தெரிய வேண்டும். அதற்கப்புறம் அவர் யாருக்கு மாலை போடுகிறார், யாரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பது அவர் விருப்பம்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், சென்ற மாதம் நடந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பழைய கொட்டகை ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே எட்டுப் பெண்கள் உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கூரையைத் தாங்கிய பீமில் இரண்டு இடத்தில் விரிசல் ஆழமாக ஓடியிருந்தது. அறிக்கை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று, அங்கேயே நின்று சொன்னேன்.

"எல்லாரும் இப்பவே வெளிய வந்துருங்க. சாக்கையும் எடுத்துக்கங்க. இது நல்லா இல்ல."

அவர்களில் மூத்த பெண் ஒருவர், முறத்தைக் கீழே வைக்காமல், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்தா, எங்க அம்மா காலத்துலேர்ந்து இது இப்பிடித்தான் கெடக்கு. நீ பாட்டுக்கு வந்து சோலியக் கெடுத்துட்டுப் போயிருவ. வெளிய உக்காந்தா மழைல கொட்ட நனையாதா? தொரைக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

"நான் சொல்றேன்."

"நல்லா சொன்ன, போ!"

தோட்டத்துக்காரர் என்மேல் கோபப்பட்டார். என்னைக் கூப்பிட்டதற்காகத் தன்னையே நொந்துகொண்டார். அந்தக் கொட்டகை இன்றுவரை விழவில்லை. இன்னும் பத்து வருடம் நின்றாலும் நிற்கும். அப்படி நின்றால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்த ஏச்சையும் சிரிப்பையும் வாங்கிக்கொள்ளத்தான் சவரிமுத்து சாரால் முடியவில்லை. கணக்கில் அவருக்கு நிகராக நான் ஒருநாளும் வரமாட்டேன். ஆனால் அவரால் முடியாமல் போன இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டேன், அதுவும் அவரால்தான்.

எட்டுப் பெண்களும் என்னைத் திட்டிக்கொண்டே சாக்குகளை இழுத்து வெளியே போட்டார்கள். கடைசி ஆள் வாசற்படி தாண்டும்வரை நான் உள்ளேயே நின்றேன்.